ஊற்றுக்கு மேலே என்ன இருக்கிறது?

நமது தோட்டங்களில் பலருக்குப் பீலித்தண்ணிதான் குடிதண்ணி. "மலையிலிருந்து வர்ற தண்ணி, கண்ணாடி மாதிரி இருக்கு, இதுல என்ன கெடுதல்?" என்று நாங்கள் லயத்துக்கு வரும்போதெல்லாம் பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி இவற்றின் கிருமிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெளிந்த தண்ணியிலும் இருக்கும். 2007இல் கம்பளையில் செங்கண்மாரி பரவியது அசுத்தமான தண்ணீரால்தான்.

இந்தக் கிருமிகள் வருவது மனித மலத்திலிருந்து. நமது லயங்கள் மலைச்சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கின்றன. மேல் லயத்துக் கக்கூஸ் குழியில் கசிவது மண்ணுக்குள் இறங்கி, கீழ் லயத்து ஊற்றில் சேரும். மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். குழிக்கும் தண்ணீருக்கும் 50 அடி தூரம் வேண்டும் என்பார்கள். சரிவான நிலத்தில் அடிக்கணக்கு மட்டும் போதாது, குழி ஊற்றுக்கு மேலே இருக்கவே கூடாது. கக்கூஸ் கட்டித் தருகிறோம் என்று யார் வந்தாலும், "குழி எங்கே வெட்டப் போறீங்க?" என்று முதலில் கேளுங்கள்.

பச்சைப்பிள்ளையின் மலம்தானே என்று கானில் வீசுகிறோம். அதிலும் அதே கிருமிதான். கக்கூசில் போட்டு, சவர்க்காரத்தால் கை கழுவ வேண்டும்.

விறகுக்கு உள்ள கஷ்டம் எங்களுக்குத் தெரியும். இராச் சமையல் முடிந்ததும் அடுப்புத் தணலோடு இருக்கும்போதே தண்ணியை வையுங்கள். நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம், மிக உயர்ந்த தோட்டங்களில் மூன்று நிமிடம் கொதித்தால் போதும். மூடி வைத்து ஆறவிட்டு, காலையில் கொழுந்துக்குப் போகும்போது போத்தலில் கொண்டு போங்கள். ஒன்று மட்டும் கவனம்: ஊற்றுக்கு மேலே புல்லுக்கு அடித்த மருந்து தண்ணியில் கலந்தால், அது கொதிக்க வைத்தாலும் போகாது. மருந்து அடிக்கும் டாங்கியைப் பீலியில் கழுவுகிறவர்களைப் பார்த்தால் சும்மா விடாதீர்கள்.

பிள்ளைக்கு வயிற்றால் போனால் ஒரு பக்கற் ஜீவனியை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணியில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ பொழுது விடியட்டும் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்து பீலிக் குழாயோடு ஊற்று வரைக்கும் ஏறிப் பாருங்கள். வெடித்த குழாய், மூடியில்லாத தொட்டி, மாடு இறங்கும் இடம், மேலே உள்ள குழி எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தலைவர்மார் துரையிடம் பேசப் போகும்போது ஊற்றுக்கு வேலியையும் சேர்த்துக் கேட்கட்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒரு கடிதம் போடலாம். எழுதுவதற்கு நாங்கள் உதவுகிறோம்.