நிதி நிறுவன வேலையும் ‘டார்கெட்’ நெருக்கடியும்: நம் பிள்ளைகள் அறிய வேண்டியவை



சூரமங்கலம், பள்ளப்பட்டி, சிவதாபுரம் பகுதிகளில் பட்டப்படிப்பு முடித்த பிள்ளைகளுக்கு இன்று எளிதில் கிடைக்கும் வேலைகளில் ஒன்று நிதி நிறுவன வேலை. லாரித் தொழிலும் கொலுசுப் பட்டறையும் கடனை நம்பி ஓடும் வட்டாரம் இது. தனியார் வங்கி, நகைக்கடன், வாகனக் கடன், மைக்ரோ ஃபைனான்ஸ் எனக் கிளைகளுக்குக் குறைவில்லை. பைக்கும் செல்போனும் இருந்தால் அடுத்த வாரமே வேலை. ஆனால் சேர்ந்த வேகத்திலேயே விட்டுவிட்டு வருபவர்களையும் பார்க்கிறோம். வீட்டில் அவர்களுக்குக் கிடைக்கும் பெயர், ‘நிலைத்து உழைக்கத் தெரியாதவன்’. அந்தப் பேச்சு நியாயமானதுதானா?

வட்டி சார்ந்த வேலை கூடுமா என்ற கேள்வியை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். இந்தப் பாடத்தில் நாம் பார்ப்பது, அங்கே வேலை செய்பவர்கள் நடத்தப்படும் விதத்தை.

ரிசர்வ் வங்கியின் எச்சரிக்கை

2023 ஜூன் மாதம் எச்.டி.எஃப்.சி. வங்கியின் கொல்கத்தா அதிகாரி ஒருவர், இணையவழிக் கூட்டத்தில் தனக்குக் கீழே உள்ளவர்களை இலக்கை எட்டவில்லை என்று கத்தித் திட்டும் காணொளி நாடெங்கும் பரவியது. வங்கி அவரைப் பணியிடை நீக்கம் செய்தது. ஒரு தனிமனிதரின் கோபம் என்று பலரும் அதைக் கடந்து போனார்கள்.

ஆனால் 2024 அக்டோபர் 9-ஆம் தேதி அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸ், வங்கி சாரா நிதி நிறுவனங்கள் சிலவற்றில் ஊக்கத்தொகை முறை முழுக்க இலக்கை மட்டுமே வைத்து அமைந்திருப்பதாகக் குறிப்பிட்டார். இது மோசமான பணிச்சூழலுக்கும் மோசமான வாடிக்கையாளர் சேவைக்கும் இட்டுச்செல்லும் என்றும் எச்சரித்தார். ஊழியர் படும் துன்பமும் கடன் வாங்கியவர் படும் துன்பமும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன என்பதே இதன் பொருள்.

அடுத்த வாரமே, அதிக வட்டி உள்ளிட்ட விதிமீறல்களுக்காக நான்கு நிறுவனங்கள் புதிய கடன் வழங்க ரிசர்வ் வங்கி தடை விதித்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிர்வாத் மைக்ரோ ஃபைனான்ஸும் அவற்றில் ஒன்று. கடன் கேட்பவரின் குடும்ப வருமானத்தைச் சரியாகக் கணக்கிடாததும் அப்போது சுட்டிக்காட்டப்பட்ட குறைகளில் அடங்கும். நிறுவனங்கள் திருத்தங்கள் செய்த பின் தடை நீக்கப்பட்டது.

மேலே இருந்தவர் தப்பவில்லை

இந்த நோயின் முழு வடிவத்தை அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் காணலாம். ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எட்டு வகைச் சேவைகளை விற்க வேண்டும் என்பது அங்கே மேலிடத்து இலக்கு. எட்ட முடியாத ஊழியர்கள், வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே அவர் பெயரில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் விஷயம் வெளியே வந்தபோது வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம். சில ஆண்டுகளில் சுமார் 5,300 ஊழியர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். தலைமை முதலில் சொன்னது, தவறு செய்தவர்கள் கீழ்நிலை ஊழியர்கள் என்றுதான்.

அந்தப் பதில் நிற்கவில்லை. தலைமை அதிகாரி ஜான் ஸ்டம்ப் அடுத்த மாதமே பதவி விலகினார். 2020-ல் அவருக்கு 1.75 கோடி டாலர் அபராதமும், வங்கித் துறையில் வாழ்நாள் தடையும் விதிக்கப்பட்டன. முறைகேட்டைப் புகார் செய்து வேலை இழந்த ஒரு மேலாளரை மீண்டும் பணியில் சேர்த்து, 54 லட்சம் டாலர் வழங்கும்படி அமெரிக்கத் தொழிலாளர் துறை 2017-ல் உத்தரவிட்டது. நியாயம் வந்தது, ஆனால் அதற்குள் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு போய்விட்டது.

நம் ஊரில் எப்படி நடக்கிறது?

மாதக் கடைசி. கிளையில் நூற்றுக்கு நூறு வசூல் காட்ட வேண்டும். குழுவில் இரண்டு பெண்கள் தவணை கட்டவில்லை. ‘எப்படியாவது முடி’ என்கிறார் மேலாளர். பையன் தன் சம்பளத்திலிருந்து கட்டுகிறான். அடுத்த மாதம் அதுவும் முடியாமல், ஒரு குழுவின் பணத்தை இன்னொரு குழுவின் கணக்கில் வைக்கிறான். தணிக்கை வந்ததும் அதற்குப் பெயர் கையாடல். ‘எப்படியாவது’ என்ற சொல் எந்தக் காகிதத்திலும் இருக்காது; கையெழுத்து மட்டும் அவனுடையதாக இருக்கும்.

எந்த நிறுவனத்தில் இலக்கு வாய்மொழியாக வந்து பழி எழுத்தில் வருகிறதோ, அங்கே தலைமை கெட்டுவிட்டது என்று அறியலாம்.

வேலையில் இருப்பவர்கள் கவனத்திற்கு

1. அசல் சான்றிதழ்களையும், தொகை எழுதாத காசோலையையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். பணி நியமனக் கடிதத்தை முழுவதும் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

2. வாடிக்கையாளரின் தவணையைச் சொந்தப் பணத்தில் கட்டாதீர்கள். வராத தவணையை வரவில்லை என்றே பதியுங்கள்.

3. வாய்மொழி உத்தரவு தவறாகத் தோன்றினால், ‘நீங்கள் சொன்னபடி இதைச் செய்யலாமா?’ என்று மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ கேட்டு வையுங்கள்.

4. மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்குக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் போன் செய்து தொந்தரவு தரக்கூடாது என்பது 2022-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி விதி. தவணைகள் எல்லாம் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பதும் அதில் உண்டு. கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே இயற்றியது. ‘மேலாளர் சொன்னார்’ என்பது உங்களைக் காப்பாற்றாது.

5. பெண் ஊழியர்கள் பாலியல் தொல்லைக்கு ஆளானால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். புகாரை எழுத்தில் கொடுங்கள்.

6. தூக்கம் கெட்டு, வாழ்வே வெறுத்துப் போகிறது என்றால் தாமதிக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகலாக, கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

பெற்றோர்களுக்கும் முதலாளிகளுக்கும்

பிள்ளை வேலையை விட்டு வந்தால், ‘ஏன் விட்டாய்?’ என்று அதட்டும் முன் ‘அங்கே உன்னை என்ன செய்யச் சொன்னார்கள்?’ என்று கேளுங்கள். பொய்க் கணக்கு எழுத மறுத்து வந்தவனாக இருந்தால் அவன் உங்கள் வளர்ப்புக்குப் பெருமை சேர்த்தவன். அடுத்த வேலை கிடைக்கும்வரை அவனைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

நம்மில் கடை, பட்டறை, லாரி செட் வைத்திருப்பவர்களும் பத்துப் பேருக்குத் தலைவர்களே. சொன்ன நேரத்தில் கூலி, பிறர் முன் அவமதிக்காத பேச்சு, நம் நஷ்டத்தை வேலைக்காரர் தலையில் கட்டாத நேர்மை ஆகியவற்றை நம் இடத்திலிருந்தே தொடங்குவோம். தலைமை ஓர் அமானிதம். கீழே உள்ளவர்களைப் பற்றி நாம் பதில் சொல்லியாக வேண்டும். அல்லாஹ் நம் அனைவரின் சம்பாத்தியத்திலும் பரக்கத் செய்வானாக.