இல்லத்து எண்ணும் பள்ளிக் கணக்கும்: ஒரு நோக்கு

முன்னுரை

வள்ளுவப் பெருந்தகை கல்வியைப் பற்றிப் பேசுமிடத்து எண்ணை முன்னும் எழுத்தைப் பின்னும் வைத்தார். தமிழ்த்துறையினராகிய நாம் எழுத்தைப் போற்றிய அளவிற்கு எண்ணைப் போற்றினோமா என்பது ஐயமே. கணக்கு வேறு துறைக்குரியது என்று ஒதுங்கிவிட்டோம். ஆயினும் குழந்தை எண்ணை முதன்முதலாக அறிவது தாய்மொழிச் சொல்லாகவே. ஆதலின் இளஞ்சிறார் கணக்குக் கற்கும் முறையைக் குறித்துச் சிந்திப்பது நம் கடமையுமாகும்.

தரமணியில் கண்ட காட்சி

தரமணியில் ஒரு தெருவோரத்தில் மாலை வேளையில் இட்டலிக் கடை நடத்தும் தாயார் ஒருவரை நாம் அறிவோம். மூன்றாம் வகுப்பில் பயிலும் அவர்தம் மகன் பள்ளி விட்டு வந்ததும் தாயின் அருகே அமர்ந்திருப்பான். ஒருநாள் எட்டு ரூபாய் இட்டலி நான்கும் பத்து ரூபாய் வடை ஒன்றும் உண்ட ஒருவர் நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். சிறுவன் நாற்பத்திரண்டு என்றான். எட்டு ரூபாய்ச் சில்லறையைக் கொடுத்து 'அம்பது' என்றான். ஓர் ஐம்பது ரூபாய்த் தாளைக் கொடுத்து 'நூறு' என்றான். கணக்கு முடிந்தது.

அவனுடைய கணக்குக் குறிப்பேட்டை வாங்கி, நூற்றிலிருந்து நாற்பத்திரண்டைக் கழிக்குமாறு எழுதிக் கொடுத்தோம். சற்று நேரம் முயன்று 142 என்று விடை எழுதினான். பூச்சியத்திலிருந்து இரண்டு போகாதாகலின் இரண்டிலிருந்து பூச்சியத்தைக் கழித்தான். அடுத்த இடத்திலும் அவ்வாறே செய்தான். "நூறு ரூபாய் கொடுத்தவருக்கு நூற்று நாற்பத்திரண்டு ரூபாய் மீதி தருவாயா?" என்று வினவினோம். அவன் சிரித்துவிட்டு, "கடையில அப்படிக் குடுத்தா அம்மா திட்டும் சார். இது நோட்டுக் கணக்குதானே!" என்றான்.

அவ்விடை நம்மை நெடுநாள் உறங்கவிடவில்லை. கடையில் விடை பொருளுடையதாக இருக்க வேண்டும். ஏட்டில் அது வேண்டுவதில்லை என்று எட்டு வயதிலேயே அப்பிள்ளை முடிவு செய்துவிட்டான்.

உலகெங்கும் உள்ள பிளவு

இஃது ஒரு சிறுவனின் குறை அன்று. பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில், தெருவில் பொருள் விற்கும் ஐந்து சிறார்களை ஆராய்ந்து நூனஸ் உள்ளிட்ட மூவர் 1985-இல் வெளியிட்ட கட்டுரை இதனைத் தெளிவுறக் காட்டியது. விற்பனையின்போது அச்சிறார் இட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரியாயின. அதே வகைக் கணக்குகளை வெறும் எண்களாகத் தந்தபோது 37 விழுக்காடே சரியாயின. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் கொல்கத்தா, தில்லி நகரங்களில் நடத்தி 2025-இல் வெளியிட்ட ஆய்வும் இதனையே உறுதிப்படுத்துகின்றது. சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகள் ஏட்டுக் கணக்கில் தடுமாறினர். பள்ளியில் மட்டும் பயின்ற பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினர். இருசாராரும் ஒரு பாதியையே பெற்றிருக்கின்றனர் என்பது கருதத்தக்கது.

தமிழர் வழங்கிய எண்

முன்னாளில் நம் திண்ணைப் பள்ளிகளில் சிறார் மணலில் எழுதியும், சட்டாம்பிள்ளை சொல்லத் திருப்பிச் சொல்லியும் எண்சுவடி பயின்றனர். நாலில் ஒன்று கால், எட்டில் ஒன்று அரைக்கால், பதினாறில் ஒன்று மாகாணி, இருபதில் ஒன்று மா, நாற்பதில் ஒன்று அரைமா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி எனப் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். பள்ளியில் ஒப்பித்ததை வீட்டிலும் களத்திலும் கண்ணால் கண்டனர். அப்பள்ளிகள் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. பிரம்பும் மனப்பாடமும் அங்கே மிகுதி. அவற்றை மீட்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. ஏட்டுக்கும் வாழ்வுக்கும் இடையே அன்றிருந்த பாலத்தையே சுட்டுகின்றோம்.

நம் இல்லத்தில் நன்னியார் ரமலான் மாதத்தில் ஸகாத் கணக்கிடும்போது நம்மை அருகில் அமர்த்திக்கொள்வார். நாற்பதில் ஒரு பங்கு என்பதை நாற்பது புளியங்கொட்டைகளைப் பரப்பி, ஒன்றைத் தனியே எடுத்துக் காட்டி விளக்கினார். எழுத்தறியாத அவர் காட்டியதே தமிழர் அரைமா என்று வழங்கிய பின்னம் என்பதைப் பிற்காலத்தில்தான் உணர்ந்தோம்.

எண்ணுப் பெயர்களும் கற்பிக்கும் திறமுடையன. பதினொன்று, பன்னிரண்டு, இருபத்துமூன்று எனும்போதே பத்தும் ஒன்றும் செவியில் விழுகின்றன; ஆங்கில 'இலெவன்', 'டுவெல்வ்' ஆகியவற்றில் அவை கேட்பதில்லை. தொண்ணூறு, தொள்ளாயிரம் என்பன மட்டும் மேல்எண்ணை நோக்கி நிற்கும். தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் எண்ணுப்பெயர்ப் புணர்ச்சியை விரித்துரைத்துள்ளார். இன்றோ பிள்ளைகள் பலர் 'ட்வென்ட்டி நைன்' அறிவர், இருபத்தொன்பது அறியார். பாட்டி சொல்லும் விலை பேரனுக்கு விளங்குவதில்லை.

பாலம் அமைக்கும் வழி

தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் 1962-இல் தோன்றியது. அங்குப் பணியாற்றிய பேராசிரியர் இரா. இராமானுஜம் அவர்கள் தலைமையில், 2005-ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டத்திற்கெனக் கணிதம் கற்பித்தல் குறித்து அமைந்த குழு, குழந்தையின் சிந்தனையையே கணிதமயமாக்குதல் தலையாய நோக்கம் என்றது. பெரும்பாலான சிறார்க்குக் கணக்கின்பால் உள்ள அச்சத்தை முதற்குறையாகச் சுட்டியது. தமிழ்நாட்டரசு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பொருள்களையும் விளையாட்டையும் கொண்டு எண்ணறிவை ஊட்ட முனைந்தது.

அச்சிறுவனுக்கு நாம் செய்ததும் எளியதே. கழித்தலில் 'கடன் வாங்குதல்' என்கின்றனர். கடன் என்றால் திருப்பித் தர வேண்டுமே என்று அவன் மயங்கினான். 'சில்லறை மாற்றுதல்' என்று சொல்லி, நூறு ரூபாய்த் தாளுக்கு ஒன்பது பத்து ரூபாய்த் தாள்களும் பத்து ஒரு ரூபாய் நாணயங்களும் வைத்தோம். பத்தில் இரண்டு போக எட்டு, ஒன்பதில் நான்கு போக ஐந்து, ஐம்பத்தெட்டு. "இது கடைக் கணக்குதான் சார்!" என்றான். ஆம், அதுவேதான்.

நிறைவுரை

ஆசிரியப் பெருமக்கள் விடை தவறென்று கோடிடுமுன், 'இவ்விடை பொருந்துமா?' என்று பிள்ளையைக் கேட்க வேண்டும். பெற்றோர் கடைக்குச் செல்லுங்கால் பிள்ளையை உடனழைத்துச் சென்று மீதியை எண்ணச் செய்ய வேண்டும்; எண்களைத் தமிழிலும் சொல்ல வேண்டும். 'எனக்குக் கணக்கு வராது' என்று பிள்ளைமுன் கூறுதல் ஆகாது. நம் மாணவர் தம் இல்லத்து முதியோர் நாவில் எஞ்சியுள்ள அளவைப் பெயர்களைத் தொகுத்து எழுதுவாராயின், அது தமிழுக்கும் கணக்குக்கும் ஒருசேரச் செய்யும் தொண்டாகும். அம்முதியோர் இருக்கும்போதே அது செய்யப்பட வேண்டும்.