அட்வான்ஸ் வந்த பிறகு பென்சில்

சினிமாவுக்கு ஸ்டோரிபோர்டு, பதிப்பகத்துக்கு அட்டைப்படம், பள்ளிக்கூடச் சுவரில் வள்ளுவர், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு டிராயிங் கிளாஸ். இருபது வருடமாக என் வீட்டு அடுப்பு இப்படித்தான் எரிகிறது. "அப்போ நீங்க என்னதான் வேலை பாக்குறீங்க?" என்று சொந்தக்காரர்கள் கேட்பதும் இன்னும் ஓயவில்லை. ஓவியக் கல்லூரி முடித்துவிட்டு வரும் தம்பி தங்கைகளுக்காக இந்தப் பட்டியல்.

செய்ய வேண்டியவை

• வருகிற வேலை எந்த வகையானாலும் தலைநிமிர்ந்து செய்யுங்கள். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, நிலம் வாங்கக் கைகொடுத்தது பாத்திக் துணி விற்ற காசு. பத்திரிகையில் வரைந்துகொண்டிருந்த கோபுலு விளம்பரத் துறைக்குப் போனார். காந்தியையும் அரசர்களையும் தீட்டிய ஆதிமூலம்தான் எழுத்தாளர் கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கும் கோடு இழுத்தார். தோட்டா தரணி சினிமாவுக்கு செட் போட்டார், கேன்வாஸையும் விடவில்லை. இவர்களை யாரும் பாதி ஓவியர் என்று சொன்னதில்லை.

• பேசியதை எழுத்தில் வையுங்கள், வாட்ஸ்அப் போதும். எத்தனை படம், என்ன அளவு, எத்தனை கரெக்‌ஷன், எந்தத் தேதியில் பணம். பாதித் தொகை கணக்கில் விழுந்த பிறகு பென்சிலைச் சீவுங்கள்.

• உரிமை யாருக்கு என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லையென்றால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடவில்லையென்றால் இந்தியா முழுதும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். நான் வரைந்த அட்டைப்படம் ஒன்றை மூன்று வருடம் கழித்து ஒரு ஜவுளிக்கடைப் பையில் பார்த்தேன். சண்டை போட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பையை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன்.

• பில்லில் டிடிஎஸ் என்று வருமானவரிக்காக 10 சதவீதம் பிடித்ததைப் போன காசாக எண்ணி நான்கு வருடம் சும்மா இருந்தவன் நான். வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்தால், வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்களுக்கு அது திரும்பி வரும்.

• சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள், இலவசம்தான். பதிவு பெற்ற சிறுதொழில்காரருக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்தால் வட்டியோடு தர வேண்டும் என்பது சட்டம். பில்லின் அடியில் பதிவு எண்ணைப் போட்டாலே சில கணக்குப்பிள்ளைகளின் குரல் மாறும்.

செய்யக்கூடாதவை

• முழுப் பணம் வரும்முன் ஓபன் ஃபைலை அனுப்பாதீர்கள்.

• "இப்போ பட்ஜெட் இல்ல தம்பி, அடுத்த படத்துல பாத்துக்கலாம்" என்பதை நம்பாதீர்கள். அடுத்த படத்துக்கு வேறு ஒரு தம்பியைப் பிடித்திருப்பார்கள்.

• சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைக்கூட பில் இல்லாமல் வரையாதீர்கள். தொகையை எழுதி, குறுக்கே கோடு அடித்து, 'அன்பளிப்பு' என்று போட்டுக் கொடுங்கள். என் சித்தப்பா அந்தத் தொகையைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. அடுத்த மாதம் அவருடைய நண்பர் ஒருவர் சரியான கூலியோடு வந்தார்.

• ஒரே வாடிக்கையாளரை நம்பி மற்றவர்களின் போனை எடுக்காமல் விடாதீர்கள்.

• சொந்தப் படத்தை 'வேலை இல்லாத நாளுக்கு' என்று தள்ளிப் போடாதீர்கள். வேலை இல்லாத நாளில் வாடகைக் கவலை வந்து உட்கார்ந்துகொள்ளும், கை ஓடாது. நான் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி வரை போனை அரிசிப் பானை மேல் வைத்துவிட்டு எனக்காக வரைகிறேன். போன வாரம் எடுத்துப் பார்த்தால் மூன்று மிஸ்டு கால். இரண்டு கிரெடிட் கார்டு விற்பவர்கள், ஒன்று அம்மா.