விதிகளுக்கு முன்னால் மனிதர்கள்

அன்புள்ள வாசகருக்கு,

பொறியியல் கல்லூரியில் ஆசிரியராகப் புதிதாகச் சேர்ந்திருப்பதாகவும், வரும் செமஸ்டரில் மனித-கணினி ஊடாட்டம் பாடத்தை உங்களிடம் ஒப்படைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். விதிகளிலிருந்து தொடங்காதீர்கள்.

இடைமுக வடிவமைப்புக்குப் பென் ஷ்னைடர்மேன் தந்த எட்டு விதிகளும் யாகோப் நீல்சன் தந்த பத்து விதிகளும் அனுபவத்தில் விளைந்தவை. நம் வகுப்புகளிலோ அவை பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் பட்டியலாகிவிட்டன. பத்தையும் வரிசை பிசகாமல் எழுதும் மாணவரிடம், அவர் செய்த செயலியில் அவருடைய அம்மா எங்கே திணறுவார் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. ஏனென்றால், அம்மா அதைப் பயன்படுத்தும்போது அந்த மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

முதல் வகுப்பில், 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் புளோரிடாவின் பாம் பீச் கவுண்டியில் பயன்பட்ட வாக்குச்சீட்டைக் காட்டுங்கள். வேட்பாளர் பெயர்கள் இரு பக்கமும்; குத்த வேண்டிய துளைகள் நடுவில் ஒரே வரிசையாக. இடப்பக்கத்தில் அல் கோர் இரண்டாவது பெயர், ஆனால் அவருக்கான துளை மூன்றாவது. இரண்டாவது துளை வலப்பக்கத்தில் இருந்த பேட் புக்கானனுக்கு உரியது. கோருக்கு என்று நினைத்து 2,000 பேருக்கு மேல் புக்கானனுக்குக் குத்தியிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்த மாநிலத்தில் கோரின் முக்கிய எதிராளியான புஷ் வென்றது 537 வாக்குகளில். முதியவர்கள் படிக்க வசதியாக எழுத்தைப் பெரிதாக்கத்தான் அப்படி இரு பக்கமாக அமைத்தார்கள். நல்லெண்ணம் இருந்தும் தவறு நடக்கும் என்பதை மாணவர்கள் முதல் நாளே அறியட்டும்.

அடுத்த வாரம் அவர்களை வெளியே அனுப்புங்கள். ரேஷன் கடை, பேருந்து நிலையம், வங்கியில் பாஸ்புக் பதியும் இயந்திரம், எங்கே வேண்டுமானாலும். அனுமதி கேட்டுத்தான் பார்க்க வேண்டும். கடவு எண் அழுத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இன்னொரு நிபந்தனை: உதவி செய்யக் கூடாது. இதுதான் மிகக் கடினம். நம் பிள்ளைகள் நல்லவர்கள். ஒரு பெரியவர் தடுமாறினால் “இங்க அழுத்துங்க ஐயா” என்று கை தானாக நீளும். கை நீண்ட நொடியில் பாடம் போய்விடும். அவர் எந்த எழுத்தைத் தேடினார், எந்தப் பொத்தானை நம்பி அழுத்தினார், எப்போது தன்னையே நொந்துகொண்டார் என்பதெல்லாம் பார்த்துக் குறிக்க வேண்டியவை. வேலையெல்லாம் முடிந்த பிறகு தாராளமாக உதவட்டும்.

கல்லூரியில் கருவிகள் இல்லையே என்று கவலைப்பட்டிருந்தீர்கள். அது ஒரு தடையே இல்லை. 1981இல் ஸ்காண்டிநேவியாவில் தொடங்கிய ‘உட்டோப்பியா’ திட்டத்தில் அச்சுத் தொழிலாளர் சங்கத்தினரும் ஆய்வாளர்களும் சேர்ந்து, செய்தித்தாள் பக்கம் அமைக்கும் கணினி எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்தார்கள். காலி அட்டைப்பெட்டியை லேசர் அச்சு இயந்திரமாக வைத்துக்கொண்டு வேலை செய்து பார்த்தார்கள். கணினி அறியாத தொழிலாளியும் அட்டையைத் தள்ளிவைத்து “இது இங்கே இருந்தால்தான் சரி” என்று சொல்ல முடிந்தது. முடிவெடுப்பதில் தொழிலாளிக்கு இடம் கொடுத்தது என்பதால், இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் முயற்சி இது. உங்களுக்கும் சார்ட் பேப்பரும் கத்தரிக்கோலும் போதும்.

வடிவமைப்புக் கல்விக்கூடங்களிடமிருந்து ஒரு பழக்கத்தைக் கடன் வாங்குங்கள். ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனமும், 1969இல் மும்பை ஐ.ஐ.டி.யில் தொடங்கிய வடிவமைப்பு மையமும் நமக்குத் தெரிந்தவை. இத்தகைய இடங்களில், அரைகுறை வரைபடத்தையே சுவரில் ஒட்டி எல்லோரும் பேசுவார்கள். நம் லேபில் நிரல் ஓடினால் மார்க், அத்தோடு சரி. அறுபது பேர் வகுப்பில் தனித்தனியே பேச முடியாதுதான். ஐந்து ஐந்து பேராகப் பிரியுங்கள். இன்டர்னல் மார்க்கில் பாதியையாவது, முதல் வரைபடத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையே எதை, யாரைப் பார்த்து மாற்றினார்கள் என்பதற்குக் கொடுங்கள்.

விதிகளை அதன் பிறகு நடத்துங்கள். ஒவ்வொரு விதிக்கும் தாங்கள் பார்த்த ஒருவரை மாணவர்களே உதாரணம் சொல்வார்கள். அவர்கள் சொன்னவற்றை எனக்கு எழுதி அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.