நவக்கோள்களை நீலமலை வானில் காண்போம்

திருக்கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள் மூலவரையும் அம்மையையும் வணங்கிய பின்னர் நவக்கிரக சந்நிதியை அடைந்து, ஒன்பது முறை வலம் வந்து வழிபடுதல் நாடெங்கும் உள்ள வழக்கமாகும். நடுவே கதிரவன் நிற்க, ஏனைய எண்மரும் தத்தமக்குரிய திசையில் சூழ நிற்பர். செவ்வாய்க்குச் செந்நிற ஆடையும், வியாழனுக்கு மஞ்சள் ஆடையும், சுக்கிரனாகிய வெள்ளிக்கு வெண்ணிற ஆடையும், சனிக்குக் கருநிற ஆடையும் சாத்தப்படுகின்றன. இவ்வாறு நாம் நெருங்கிப் பழகிய ஒன்பதின்மருள் ஞாயிறும் திங்களும் யாவரும் அறிந்தவை. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி ஆகிய ஐந்தையும் உரிய காலத்தில் வெறுங்கண்ணாலேயே விண்ணில் காணலாம் என்பதை அறிந்தோர் சிலரே. கண்டு அடையாளம் சொல்ல வல்லோர் அவரினும் சிலர். 'சனி பெயர்ந்தது' எனக் கேட்டு அஞ்சுவோர் பலர். அச்சனி வானில் எங்கே உள்ளது எனத் தலைநிமிர்ந்து நோக்குவோர் அரியர்.

அவ்வாறு நோக்குதற்கு வழிகாட்டுவதே இக்கட்டுரையின் கருத்து. அதற்கு வீட்டில் உள்ள பஞ்சாங்கமும், இறைவன் அளித்த கண்ணும் போதும்.

நீலமலை வானின் சிறப்பு

கோள்களைக் காண்பதற்கு நீலகிரி மாவட்டம் மிகப் பொருத்தமான இடமாகும். உதகை கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும், தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர் உயரத்திலும் உள்ளன. சமவெளியின் தூசும் புகையும் கலந்த காற்றடுக்கின் பெரும்பகுதி இம்மலைக்குக் கீழே நின்றுவிடுகிறது. ஆதலின் இங்கு விண்மீன்கள் கூர்மையாகத் தோன்றுகின்றன.

ஆயினும் எல்லாக் காலமும் ஏற்றதன்று. ஆனி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவமழையும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் வானை மறைக்கும். மார்கழி முதல் பங்குனி வரையிலான நான்கு மாதங்களே தலையாய காலம். தை மாதத்தில் உதகையின் பள்ளத்தாக்குகளில் புல்லின் மேல் உறைபனி படிவதை மலைவாழ் மக்கள் நன்கு அறிவர். மேகம் இல்லாத இரவில் நிலத்தின் வெப்பம் தடையின்றி வெளியேறிவிடுவதாலேயே உறைபனி உண்டாகிறது. தேயிலைக்குத் தீங்கு செய்யும் அதே இரவுதான் விண்காட்சிக்கு உகந்த இரவாகவும் அமைகிறது.

விண்மீனும் கோளும்

வானில் ஒளிரும் புள்ளிகளுள் எது மீன், எது கோள் என அறிதற்கு இரண்டு அடையாளங்கள் உள்ளன.

முதலாவது ஒளியின் இயல்பு. விண்மீன்கள் மிகமிகத் தொலைவில் இருப்பதால் வெறும் புள்ளிகளாகவே தோன்றும். காற்றின் அசைவினால் அவற்றின் ஒளி சிமிட்டும். கோள்கள் அண்மையில் இருப்பதால் நுண்ணிய வட்டுகளாக அமைகின்றன. ஆதலின் அவற்றின் ஒளி பெரும்பாலும் நிலைத்து நிற்கும். அடிவானத்தருகே மட்டும் கோள்களும் சிறிது நடுங்கக்கூடும்.

இரண்டாவது செல்லும் வழி. ஞாயிறு, திங்கள், ஐங்கோள்கள் ஆகிய ஏழும் வானில் ஏறக்குறைய ஒரே சாலையில் செல்கின்றன. அச்சாலையையே நம் முன்னோர் 12 இராசிகளாகவும் 27 நட்சத்திரங்களாகவும் பகுத்தனர். மாலையில் கதிரவன் மறைந்த இடத்தையும் அன்று நிலவு நிற்கும் இடத்தையும் மனத்தால் ஒரு வளைகோட்டால் இணைத்தால் அச்சாலை புலப்படும். கோள்களை அக்கோட்டின் அருகிலேயே தேட வேண்டும்.

நிலவு செல்லும் இச்சாலையை அறிவியலும் பயன்கொண்டது. உதகைக்கு அருகில் முத்தொரையில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கோவிந்த் சுவரூப் தலைமையில் உருவான வானொலித் தொலைநோக்கி 1970ஆம் ஆண்டு பணி தொடங்கியது. அதன் நீளம் 530 மீட்டர். அகலம் 30 மீட்டர். உதகையின் அகலாங்கு ஏறத்தாழ 11 பாகை. அதே 11 பாகை சாய்வுள்ள மலைச்சரிவைத் தேர்ந்து அதனை நிறுவினர். ஆதலின் அதன் நீளச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. நிலவு தன் வழியில் செல்லும்போது தொலைவிலுள்ள வானொலி மூலங்களை மறைக்கும் நொடியை அளந்து, அவற்றின் இடத்தையும் வடிவையும் அறிவது அதன் தொடக்ககாலப் பணியாக இருந்தது.

ஐங்கோள்களின் அடையாளம்

வெள்ளி: ஞாயிறு, திங்களுக்கு அடுத்து வானில் பேரொளி உடையது இதுவே. தூய வெண்ணிறமானது. சில மாதங்கள் மாலையில் மேற்கிலும், சில மாதங்கள் விடியலில் கிழக்கிலும் காணப்படும். கதிரவனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகாது. ஆகையால் நம் நாட்டில் நள்ளிரவில் வெள்ளியைக் காண இயலாது.

வியாழன்: வெள்ளிக்கு அடுத்த ஒளி உடையது. இளமஞ்சள் கலந்த வெண்மை. நள்ளிரவிலும் காணத்தக்கது. ஓர் இராசியைக் கடக்க ஏறத்தாழ ஓராண்டு ஆகும்.

செவ்வாய்: தணல் போன்ற செந்நிறம். ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை பூமியை நெருங்குங்கால் மிக ஒளிர்ந்து, பின் மங்கும். ரோகிணி, கேட்டை ஆகிய செந்நிற மீன்களோடு மயங்குதல் இயல்பு. அவை சிமிட்டும், செவ்வாய் சிமிட்டாது.

சனி: மங்கிய மஞ்சள் நிறம். ஓர் இராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டரை ஆண்டும், முழுச்சுற்றுக்கு இருபத்தொன்பதரை ஆண்டும் ஆகும். பிறந்த நாளில் நின்ற இடத்திற்குச் சனி திரும்பி வருவதை ஒருவர் தம் வாழ்நாளில் இருமுறை காணலாம். நீடு வாழ்வோர் மூன்றாம் முறையும் காணலாம்.

புதன்: காண்பதற்கு அரியது. கதிரவனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது. விடியலுக்கு முன்னரோ அந்திக்குப் பின்னரோ அடிவானத்தருகே சிறிது நேரமே தோன்றும். மலை சூழ்ந்த பள்ளத்தில் இருப்போர்க்கு இது புலப்படாது. கிழக்கே சமவெளியை நோக்கும் குன்னூர், கோத்தகிரி விளிம்புகளில் இருப்போர்க்கு விடியற்காலையில் எளிதாகும்.

தை, மாசி மாத மாலைகளில் தென்திசையில் ஒளிரும் அகத்திய மீனையும், அதற்கு வடக்கே பல நிறம் காட்டிச் சிமிட்டும் மிருகவியாத மீனையும் கோள் எனக் கொள்ளற்க. அவை இராசிச் சாலையை விட்டு விலகி நிற்பவை.

இராசிக் கட்டம் ஒரு விண்படம்

பஞ்சாங்கத்தில் மாதந்தோறும் அச்சிடப்படும் பன்னிரண்டு அறைக் கட்டத்தைப் பலன் பார்ப்பதற்கு மட்டும் உரியது எனப் பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது அம்மாதத்து வானத்தின் படமே ஆகும். அதனைப் படிக்கும் முறை எளிது.

சூரியன் நிற்கும் அறையை ஒன்று எனக் கொள்க. சித்திரையில் மேடம், வைகாசியில் ரிஷபம், மார்கழியில் தனுசு, தையில் மகரம் என மாதமே அதனைக் காட்டிவிடும். அங்கிருந்து வலமாக எண்ணுக.

சூரியன் நின்ற அறையிலேயே நிற்கும் கோள் பெரும்பாலும் கதிரொளியில் மறைந்திருக்கும்; இதனையே 'அஸ்தமனம்' எனப் பஞ்சாங்கம் குறிக்கும்.

2, 3, 4 ஆம் அறைகளில் நிற்கும் கோள் மாலையில் மேற்கு வானில் தோன்றும்.

5, 6 ஆம் அறைகளில் நிற்பது மாலையிலேயே கிழக்குப் பாதியில் ஏறி நிற்கும்.

7 ஆம் அறையில் நிற்பது கதிரவன் மறையும் வேளையில் எழுந்து, இரவு முழுவதும் காட்சி தரும்.

8, 9 ஆம் அறைகளில் நிற்பது இரவு ஏறிய பின் எழும். ஓர் அறைக்கு இரண்டு மணி நேரம் என்பது கணக்கு.

10, 11, 12 ஆம் அறைகளில் நிற்பது பின்னிரவில் எழுந்து விடியலுக்கு முன் கிழக்கு வானில் விளங்கும்.

இதனால் மற்றொன்றும் விளங்கும். புதன் சூரியனுக்கு அடுத்த அறையைத் தாண்டாது. வெள்ளி இரண்டு அறைகளைத் தாண்டாது. இதற்கு மாறாக எழுதப்பட்ட கட்டம் பிழையுடையது எனத் துணியலாம்.

நிகழ்ந்தவற்றால் தெளிதல்

2016 பிப்ரவரி 22 அன்று குடந்தையில் மகாமகம் நிகழ்ந்தது. மாசி மாதமாதலின் சூரியன் கும்பத்தில், குரு சிம்மத்தில். எண்ணினால் ஏழாம் அறை. விதிப்படியே அன்று மாலை மகத்து முழுமதி எழ, அதனைத் தொடர்ந்து வியாழனும் கிழக்கே எழுந்தது. குரு ஒரு சுற்றை நிறைவு செய்து மீண்டும் சிம்மத்தில் நிற்கும் காலத்தில், 2028இல், அடுத்த மகாமகம் வரும்.

2020 டிசம்பர் 21 அன்று குருவும் சனியும் மகரத்தில் மிக நெருங்கி, ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியே உடையனவாய் நின்றன. மார்கழியில் சூரியன் தனுசில். மகரம் இரண்டாம் அறை. அந்திக்குப் பின் மேற்கே தாழ்வாக அவை தோன்றின. இவ்விரு கோள்களும் ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும். அடுத்த கூட்டம் 2040இல். இன்று பள்ளியில் பயிலும் சிறார் அதனைத் தம் மக்களுக்குக் காட்டலாம்.

திருப்பாவை காட்டும் வானம்

மார்கழி வைகறையில் திருக்கோயில்களில் ஓதப்பெறும் திருப்பாவையின் பதின்மூன்றாம் பாசுரத்தில், வெள்ளி எழுந்ததையும் வியாழன் மறைந்ததையும் கூறி ஆண்டாள் தோழியைத் துயில் எழுப்புகின்றார். நாள்தோறும் ஓதுவோரும் இதனை வெறும் விடியல் வருணனை எனக் கடந்து செல்லுதல் உண்டு. மேற்கூறிய விதியைக் கொண்டு நோக்கினால் அது ஒரு துல்லியமான விண்குறிப்பு என்பது தெளிவாகும். சூரியன் தனுசில் நிற்க, வெள்ளி விருச்சிகத்திலோ துலாத்திலோ நின்று கிழக்கே எழ, வியாழன் ரிஷபத்தை ஒட்டி நின்று மேற்கே மறைய வேண்டும். இக்குறிப்பைக் கொண்டு அறிஞர் மு. இராகவையங்கார் ஆண்டாள் காலத்தைக் கணித்து கி.பி. 731 என்றார். இத்தகைய அமைப்பு பலமுறை வரக்கூடியதாகலின் ஏனைய அறிஞர் வேறு கருத்தும் கூறுவர். எவ்வாறாயினும் அக்காலத்துப் பெண்மக்கள் கோள்களைப் பெயர் சொல்லி அறிந்து, அவற்றையே நாழிகையாகக் கொண்டனர் என்பது போதரும்.

இராகுவும் கேதுவும்

இவ்விரண்டும் கண்ணுக்குப் புலனாகும் கோள்கள் அல்ல. சாயா கிரகங்கள் எனப்படுவன. ஞாயிற்றின் வழியும் திங்களின் வழியும் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு இடங்களே இவை. அமாவாசையோ பௌர்ணமியோ இவ்விடங்களின் அருகே நேருங்கால் கிரகணம் உண்டாகிறது. 2019 டிசம்பர் 26 அன்று நேர்ந்த வளைய சூரிய கிரகணத்தின் பாதையில் உதகையும் இருந்தது. அன்று சூரியனும் சந்திரனும் தனுசில் நிற்க, கேதுவும் அங்கேயே நின்றது. இராகு கேதுவை நேரில் காண இயலாவிடினும் கிரகணமே அவற்றின் காட்சியாகும். ஆயினும் சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் நோக்குதல் எஞ்ஞான்றும் கூடாது.

கண்ணும் கணக்கும்

'திருக்கணிதம்' என்பதில் உள்ள 'திருக்' என்னும் பகுதி, காட்சி எனப் பொருள்படும் 'த்ருக்' என்னும் வடசொல்லாகும். கண்ணுக்குப் புலனாகும் நிலையோடு ஒத்த கணக்கு என்பதே அதன் பொருள். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் அத்தகைய பஞ்சாங்கத்தை வெளியிட்டவர். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரிய பிம்பத்தைக் கடந்த நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்கி நூல் எழுதியவர்.

வாக்கிய பஞ்சாங்கத்திற்கும் திருக்கணிதத்திற்கும் இடையே வேறுபாடு உண்டு. சனி கும்பத்தில் புகுந்த நாள் திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. சனி மெல்ல நகர்வதாலும், இடையே வக்கிரம் எனப்படும் பின்னடைவு நேர்வதாலும் சிறிய கணக்கு வேறுபாடும் பல மாத வேறுபாடாகத் தோன்றும். வழிபாட்டிற்கு அவரவர் ஆலய மரபே முறை. வானில் தேடுவோர் திருக்கணிதத்தைத் துணைக்கொள்க.

காணும் முறை

இருள் சூழ்ந்த பின் கண் பழகுதற்கு இருபது நிமிடமாவது ஆகும். அதுவரை கைவிளக்கையும் கைப்பேசியையும் தவிர்த்தல் நன்று. காட்டெருமை, கரடி, சிறுத்தை ஆகியன நடமாடும் மலையாதலின், வானம் பார்ப்பதற்காக இரவிலோ விடியற்காலையிலோ தேயிலைத் தோட்டத்திற்குள்ளும் தனிவழியிலும் செல்லலாகாது. வீட்டு வாசலோ, மாடியோ, கோயில் முற்றமோ போதும். குளிருக்குக் கம்பளி தேவை. கண்ட நாளையும் கோள் நின்ற நட்சத்திரத்தையும் ஓர் ஏட்டில் குறித்து வந்தால், சில வாரங்களில் அது நகர்ந்திருப்பது தெரியவரும். அதுவே பெயர்ச்சியைக் கண்ணாரக் காணுதலாகும்.

அறிவால் அச்சம் நீங்கும்

திருஞானசம்பந்தர் திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டபோது, நாளும் கோளும் நன்றாக இல்லை என அப்பரடிகள் கவலையுற்றார். அப்போது அருளியதே கோளறு பதிகம். இறைவனை உள்ளத்தில் கொண்ட அடியார்க்கு ஒன்பது கோளும் நல்லனவே என்பது அதன் கருத்து.

காணாத ஒன்றைப் பற்றியே அச்சம் வளரும். வான் சாலையில், விதித்த காலத்தில் விதித்த இடத்தில் மெல்ல ஒளிர்ந்து செல்லும் சனியை ஒருமுறை கண்டவர், அதனை அச்சுறுத்தும் பகையாகக் கருதார். ஆணையின்படி நடக்கும் தொண்டனாகவே கருதுவர். அடுத்த முறை நவக்கிரக சந்நிதியை வலம் வந்த அன்பர்கள், இல்லம் திரும்புமுன் முற்றத்தில் சிறிது நின்று விண்ணையும் நோக்குவார்களாக. உடன் வந்த சிறார்க்கு ஒரு கோளையேனும் சுட்டிக் காட்டுவார்களாக. அதுவும் வழிபாடே ஆகும்.