விமானப் பராமரிப்புப் பதிவேடுகளும் மின்னணு முறையும்

இடுக்கி மாவட்டத்துச் சித்திரபுரத்தில் உள்ள பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. இத்தகைய நிலையங்களில் ஒவ்வொரு யந்திரமும் எத்தனை மணி நேரம் ஓடியது, எந்தப் பேரிங் எப்பொழுது மாற்றப்பட்டது என்பன போன்ற விவரங்களைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பது வழக்கம். யந்திரத்தில் கோளாறு தோன்றினால் அதை நிறுத்திவிட்டுப் பழுது பார்க்கலாம். ஆகாயத்தில் பறக்கும் விமானத்தை அவ்வாறு நிறுத்த இயலாது. ஆதலால் விமானத்தின் பராமரிப்புக் குறிப்புகள் மிகக் கண்டிப்பான விதிகளுக்கு உட்பட்டவை. 2022 டிசம்பர் 1 அன்று இதே மாவட்டத்தில் வண்டிப்பெரியாறு அருகே சத்திரம் ஓடுதளத்தில் இறங்கிய தேசிய மாணவர் படையின் சிறு விமானமானாலும் சரி, நெடும்பாசேரியிலிருந்து கடல் கடந்து செல்லும் பெரிய விமானமானாலும் சரி, பராமரிப்புப் பதிவின்றிப் பறத்தல் கூடாது.

பதிவேட்டில் அடங்குவன

விமானத்தின் வயது மூன்று வகையாகக் கணக்கிடப்படுகிறது. பறந்த மணி நேரம் ஒன்று. ஏறி இறங்கிய தடவைகள் மற்றொன்று. நாட்காட்டியின்படி கழிந்த காலம் மூன்றாவது. எஞ்சினின் தேய்வு பெரும்பாலும் முதல் இரண்டையும் பொறுத்தது. துருப்பிடித்தல் காலத்தைப் பொறுத்தது. விமானம் பறக்காமல் நின்றாலும் துரு நிற்பதில்லை. உயரே செல்லுந்தோறும் விமானத்தின் உட்காற்றழுத்தத்தால் உடற்கூடு சற்றே விரிகிறது, இறங்கியதும் சுருங்குகிறது. இதனால் தகடுகளில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஒன்றின் மேற்கூரையில் ஒரு பகுதி நடுவானில் பிய்த்துக்கொண்டு போயிற்று. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். குறுகிய தூரங்களுக்கே சென்று வந்த அவ்விமானம் அதுவரை 89,000-க்கும் மேற்பட்ட தடவைகள் ஏறி இறங்கியிருந்தது.

இக்கணக்குகளோடு, பொருத்தப்பட்ட உறுப்புகளின் வரிசை எண்களும், செய்த பழுதுபார்ப்புகளும், அவற்றுக்குப் பொறுப்பேற்ற உரிமம் பெற்ற பொறியாளரின் கையொப்பமும் பதிவாகின்றன. எஞ்சினின் சுழல் தட்டு போன்ற சில உறுப்புகளுக்கு ஆயுள் வரம்பு உண்டு. அத்தகைய உறுப்பு எத்தனை தடவை பயன்பட்டது என்பதற்குத் தொடக்கம் முதல் சான்று இல்லையெனில், அது பளபளவென்று புதியது போல் இருந்தாலும் பயன்படுத்தத் தகாது.

22 ஆண்டுகள் மறைந்திருந்த பிழை

1980 பிப்ரவரி 7 அன்று சைனா ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் போயிங் 747 விமானம் ஹாங்காங்கில் இறங்குகையில் அதன் வால்பகுதி ஓடுதளத்தில் உராய்ந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் நிரந்தரப் பழுதுபார்ப்பு நடைபெற்றது. கையேட்டின்படி வேலை முடிந்தது என்று சுருக்கமான குறிப்பு எழுதப்பட்டது. உண்மையில் கீறல் விழுந்த தகட்டை முறைப்படி அகற்றாமல் அதன்மேல் வேறொரு தகடு பொருத்தப்பட்டிருந்தது. கீறல்களிலிருந்து வெடிப்புகள் வளர்ந்தன. மேல்தகடு அவற்றைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தது. 2002 மே 25 அன்று தைவான் நீரிணையின் மேல் அவ்விமானம் சிதறியது. அதிலிருந்த 225 பேரும் மாண்டனர்.

விசாரணையில் மற்றொரு குறையும் வெளிப்பட்டது. அவ்விமானத்தின் பறக்கும் நேரம் குறைந்த காலத்தில், நாட்காட்டியின்படி செய்யவேண்டிய துருத்தடுப்புப் பரிசோதனைகள் சில தவணை கடந்துவிட்டன. மூன்று கணக்குகளையும் ஒருங்கே நோக்காததன் விளைவு இது எனலாம்.

காகிதமும் கணிப்பொறியும்

காகிதப் பதிவு ஈரத்தால் கெடும், நெருப்பில் அழியும், ஒரே நேரத்தில் ஓரிடத்தில் மட்டுமே இருக்கும். குத்தகை விமானத்தை உரிமையாளரிடம் திருப்பி ஒப்படைக்கும்போது பெட்டி பெட்டியாகத் தாள்களைப் புரட்டிச் சரிபார்க்க நேரிடுகிறது.

எனினும் தாள்களை ஸ்கேன் செய்து கணிப்பொறியில் சேர்த்துவிட்டால் மட்டும் முறை புதுமை பெற்றுவிடாது. அது தாளின் படமேயன்றி வேறன்று. உறுப்பின் எண், பொருத்திய நாள், பறந்த மணி, ஏறி இறங்கிய தடவை, கையொப்பமிட்டவர் ஆகியவை தனித்தனிக் கட்டங்களில் பதிவானால்தான் கணிப்பொறி அவற்றைக் கூட்டவும் ஒப்பிடவும் இயலும். அப்பொழுது மூன்று கணக்குகளுள் எது முதலில் வரம்பை நெருங்கினாலும் முன்கூட்டியே எச்சரிக்கை கிடைக்கும். ஓர் உறுப்பில் குறை கண்டறியப்பட்டால், அதே வகை உறுப்பு எந்தெந்த விமானங்களில் உள்ளது என்பதைச் சில நொடிகளில் அறியலாம்.

இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவுகளுக்கும் எண்முறைக் கையொப்பத்துக்கும் சட்ட மதிப்பளித்தது. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககமும் 2021-இல் ‘இ-ஜிசிஏ’ என்னும் இணையவழி முறையைத் தொடங்கி, உரிமங்கள் முதலான தன் சேவைகளை அதன் வாயிலாக அளித்து வருகிறது.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

மின்னணுப் பதிவு நம்பத் தக்கதாக இருப்பதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. ஒருவரின் கையொப்பத்தை மற்றொருவர் இடுவதற்கு வழி இருத்தல் கூடாது. திருத்தம் செய்யின் பழைய குறிப்பும், திருத்தியவர் பெயரும், நேரமும் அழியாது நிற்கவேண்டும். பதிவின் பிரதி வேறோர் ஊரில் பாதுகாக்கப்பட வேண்டும். பழைய தாள்களிலிருந்து எண்களைப் பெயர்க்கும்போது ஒருவர் பதிந்ததை மற்றொருவர் மூலத்தோடு ஒத்துப்பார்த்தல் அவசியம்; ஓர் இலக்கம் தவறினும் பின்வரும் கணக்கு முழுவதும் தவறாகிவிடும்.

இவை அனைத்தும் இருப்பினும், செய்யாத வேலையைச் செய்ததாக எழுதினால் எந்தக் கணிப்பொறியும் தானாக அதைக் கண்டுபிடித்துவிடாது. 1980-இன் குறிப்பு காகிதத்தில் இருந்ததனால் மட்டும் விபத்து நேரவில்லை. குறிப்பும் வேலையும் ஒவ்வாமையே காரணம். பழுதுபார்த்த இடத்தின் அளவுகளையும் புகைப்படத்தையும் பதிவோடு சேர்த்து வைத்தால், பின்னர் வருபவர் சொல்லை மட்டும் நம்பாமல் வேலையையே சோதித்துப் பார்க்க இயலும்.

மாணவர்க்கான பயிற்சி

பள்ளியிலுள்ள தண்ணீர்ப் பம்புக்கு ஒரு பதிவேடு அமைத்திடுக. ஓடிய மணி நேரம், இயக்கி நிறுத்திய தடவைகள், கழிந்த நாட்கள் ஆகியவற்றைத் தனித்தனியே ஒரு மாதம் குறித்து வருக. எந்தப் பழுது எந்தக் கணக்கைச் சார்ந்தது என்பதை மாணவர்கள் ஆராய்ந்து கூறுவார்களாக.