சொந்தக் காசில் சி.டி. போடுகிறவர்களுக்கு: உறைச் செலவைக் குறைக்கச் சில குறிப்புகள்

பாதயாத்திரை பஜனைக் குழு, பறைக் குழு, தேவாலயப் பாடகர் குழு, கல்லூரிப் பையன்களின் பேண்ட் என்று திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் சொந்தமாகப் பாட்டுப் பதிவு செய்கிறவர்களுக்குக் குறைவில்லை. பதிவு முடிந்ததும் கையில் மிஞ்சும் பணம் கொஞ்சம்தான். நூறு, இருநூறு பிரதி போடுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

1. முதலில் கேட்கப்போகிறவர் எதில் கேட்பார் என்று பாருங்கள். புதுக் கார்களில் சி.டி. நுழைக்கும் இடமே இல்லை. மினி பஸ்ஸிலும் கோயில் மைக் செட்டிலும் பென்டிரைவ்தான் ஓடுகிறது. ஆகவே சி.டி.யைக் கேட்டவர்களுக்கு மட்டும் போடுங்கள். மற்றவர்களுக்கு அதே உறைக்குள் கியூஆர் குறியீடு அச்சிட்ட அட்டை ஒன்று போதும். உறை ஒன்றே என்பதால் அச்சுச் செலவும் ஒன்றே.

2. பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம். நடுவில் தட்டைப் பிடித்திருக்கும் பற்கள் பார்சலில் உடைந்துவிடும். பிரித்ததும் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும். அதைவிடப் பெரிய காரணம் எடை. ஸ்பீடு போஸ்ட் கட்டணத்தில் முதல் படி 50 கிராம், அடுத்தது 250 கிராம். பிளாஸ்டிக் பெட்டி காலியாகவே 50 கிராமைத் தாண்டிவிடும். சி.டி. சுமார் 15 கிராம், 300 ஜி.எஸ்.எம். அட்டை உறை சுமார் 12 கிராம், பாட்டு வரிகள் அச்சிட்ட தாள் ஒன்று, வளையாமல் இருக்க ஒரு துண்டு அட்டை, வெளிக் கவர் எல்லாம் சேர்த்தாலும் 45 கிராமுக்குள் அடக்கலாம். உறையில் மிச்சம் பிடிப்பது ஒரு தடவைதான். தபாலில் மிச்சம் பிடிப்பது ஒவ்வொரு பிரதிக்கும்.

3. அச்சகம் போகுமுன் தாள் கணக்குப் போடுங்கள். சி.டி. 12 செ.மீ.; உறையின் ஒரு பக்கம் 12.5 செ.மீ. சதுரம். இரண்டு பக்கமும் மேலும் கீழும் ஒட்டு மடிப்பும் சேர்த்தால் விரித்த நிலையில் 25 செ.மீ. அகலம், 15.5 செ.மீ. உயரம். டிஜிட்டல் பிரிண்ட் கடையில் 12க்கு 18 அங்குலத் தாளில் இது இரண்டுதான் நிற்கும். 13க்கு 19 அங்குலத் தாள் ஓடும் கடையானால் மூன்று நிற்கும். நூறு உறைக்கு 50 தாளா, 34 தாளா என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது. பேரம் பேசுமுன் “என்ன சைஸ் தாள் ஓடும்ணே?” என்று கேளுங்கள்.

4. காலம் பார்த்துக் கொடுங்கள். மதுரை தாண்டினால் சிவகாசி இருக்கிறது என்ற தைரியம் நமக்கு எப்போதும் உண்டு. ஆனால் ஆஃப்செட்டில் பிளேட் செலவு நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுதான். போதாததற்கு ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியிட்டதும் ஆர்டர் குவியத் தொடங்கும் ஊர் அது. வருஷக் கடைசி வரை நம் இருநூறு உறை எந்த மூலையில் கிடக்குமோ! உள்ளூரில் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்களைப் பாருங்கள். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அவர்களுக்கு வேலை குறைவு. சின்ன வேலையையும் முகம் சுளிக்காமல் எடுப்பார்கள், விலையிலும் இறங்கி வருவார்கள்.

5. பத்திரிகை அடிப்பவர்களிடம் இன்னொரு வசதி, ஸ்கிரீன் பிரிண்டிங். பழுப்பு நிற கிராஃப்ட் அட்டையில் கறுப்பு அல்லது கருஞ்சிவப்பு என ஒரே நிறத்தில் அடித்தால் நான்கு வண்ணத்தைவிட மலிவு, பார்க்கவும் கம்பீரம். ஸ்கிரீனைக் கழுவிவிடாமல் வைத்திருக்கச் சொன்னால் அடுத்த ஐம்பதுக்கு மறுபடி அந்தச் செலவு இல்லை. அச்சடிக்காத சதுரப் பத்திரிகைக் கவர் கிடைத்தால் உறை செய்கிற வேலையே மிச்சம். ஒரு சி.டி.யைக் கையோடு கொண்டுபோய் நுழைத்துப் பார்த்து வாங்குங்கள். மூலையில் மஞ்சள் தடவணுமா என்று கடைக்காரர் கேட்டால் சிரித்துக்கொள்ளுங்கள்.

6. டிஜிட்டல் அச்சில் மை தாளின் மேலேதான் படிந்திருக்கும். அப்படியே மடித்தால் மடிப்பில் வெள்ளையாக வெடிக்கும். மேட் லேமினேஷன் போட்டு, கிரீசிங் செய்து, பிறகு மடியுங்கள். ஒட்டு மடிப்பில் லேமினேஷன் இருந்தால் பசை பிடிக்காது. அங்கே டபுள் டேப்தான் சரி.

7. டை கட்டிங், ஜன்னல் வெட்டு, ஃபாயில் எல்லாம் முதல் வெளியீட்டுக்கு வேண்டாம். இங்கிலாந்தின் நியூ ஆர்டர் குழு 1983இல் வெளியிட்ட ‘புளூ மண்டே’ தட்டின் உறையில் அத்தனை வெட்டு வேலை. விற்ற ஒவ்வொரு தட்டுக்கும் கம்பெனிக்கு நஷ்டம் என்று இன்றும் கதை சொல்வார்கள். பீட்டில்ஸோ 1968இல் படமில்லாத வெள்ளை உறையில் வரிசை எண் குத்தி விற்றார்கள். அவர்களுக்குப் பணமுடை இல்லை. ஆனாலும் அந்த யோசனை நமக்குத்தான் பொருந்துகிறது: ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் எண் முத்திரை ஒன்று வாங்கி 001 முதல் குத்துங்கள். வாங்குகிறவர்கள் தங்கள் எண்ணைப் பார்ப்பார்கள்.

8. எழுத்தில் மட்டும் சிக்கனம் பிடிக்காதீர்கள். பதிவு செய்தவரின் பெயர், முகவரி, பதிப்புரிமை உடையவரின் பெயர், முகவரி, முதலில் வெளியிட்ட ஆண்டு ஆகியவை தட்டிலும் உறையிலும் இருக்க வேண்டும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவு. சட்டம் கேட்காததையும் போடுங்கள்: தவில் வாசித்தவர், பறை அடித்தவர், கோரஸ் பாடிய பெண்கள். பழைய கேசட் அட்டைகளில் பாடகர் படம் பெரிதாக இருக்கும், வாசித்தவர்கள் பெயரைத் தேடத்தான் வேண்டும். பெண்களின் பறைக்குப் பேர்போன சக்தி கலைக்குழு இருக்கிற ஊரில் நாம் அந்தப் பழக்கத்தைத் தொடரக் கூடாது. பாட்டு எப்படியும் போனில் கிடைக்கிறது. காசு கொடுப்பவர் வாங்குவது இந்தப் பெயர்களையும் வரிகளையும்தான்.

9. சி.டி.யின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள். பாட்டைத் தாங்கும் படலம் அந்த மேற்பக்கத்தை ஒட்டியே இருக்கிறது. சி.டி.க்கென்று விற்கும் மார்க்கர் போதும். காகித ஸ்டிக்கரும் வேண்டாம், ஒரு ஓரம் பெயர்ந்தாலும் சுற்றும்போது ஆடும். உள்ளுறைக்கு பி.வி.சி. கவர் வாங்கினால் சித்திரை வெயிலில் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். காகித உறையே மேல்.

10. கியூஆர் 2 செ.மீ.க்குக் குறையாமல், வெளிர் நிறத்தின் மேல் அடர் நிறத்தில் இருக்கட்டும். இலவசமாகச் செய்து தரும் சில தளங்கள் சோதனைக் காலம் முடிந்ததும் குறியீட்டை முடக்கிவிடும். பாட்டு இருக்கும் முகவரியையே நேரடியாகக் குறியீடாக்குங்கள். மொத்தமாக அடிக்குமுன் விலை குறைந்த போன் ஒன்றில் மாலை வெளிச்சத்தில் சோதியுங்கள்.

11. மேடையில் விற்கச் சில பிரதிகளை அழகாக்க விரும்பினால் சின்னாளபட்டி இருக்கிறது. சுங்குடி வெட்டுத்துண்டுகளைச் சுருக்குப்பையாகத் தைக்கலாம். சாயம் போகிறதா என்று முதலில் நனைத்துப் பாருங்கள். வாழைநாரால் கட்டுவதானால் நன்றாகக் காய்ந்த நாராக இருக்கட்டும். ஈரநார் அட்டையில் கறை பிடிக்கும்.

12. நூறு சி.டி.க்கு நூற்றுப்பத்து உறை அடியுங்கள். மடிப்பதிலும் ஒட்டுவதிலும் சில வீணாகும். மிஞ்சுவதில் கியூஆர் அட்டையைப் போட்டு விற்றுவிடலாம்.